மூன்று டாலர் தாளும் அப்பாவின் கையெழுத்தும்

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் இருப்புக் கொள்ளாமல், பிலடெல்பியாவுக்கு வெளியே நடந்த ஒரு பழைய நாணயச் சந்தைக்குப் போயிருந்தேன். கல்யாண மண்டபம் மாதிரி ஒரு கூடம். வரிசையாக மேஜைகள், கண்ணாடிப் பெட்டிகள், அவற்றுக்குப் பின்னால் அவசரமே இல்லாத கிழவர்கள். வாங்கும் எண்ணம் இல்லை. ஒரு பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் சீட்டுக்கட்டுச் சீட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தாள் கிடந்தது. தடித்த, பழுப்பேறிய காகிதம். வெளிச்சத்தில் சாய்த்தால் அதற்குள் அபிரகத் துகள் மினுங்குகிறது. கையால் போட்ட எண், கையால் போட்ட இரண்டு கையெழுத்துகள், மங்கிய மை. 1776 நவம்பர் 2 தேதியிட்ட மூன்று டாலர் தாள். அமெரிக்கக் காலனிகள் பிரிட்டனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவர்களுடைய காங்கிரஸ், அதாவது காலனிகளின் பிரதிநிதிகள் சபை, அச்சடித்த ‘கான்டினென்டல்’ பணம். பேரம் பேசி, நூற்றுச் சொச்சம் டாலருக்கு வாங்கினேன். மனைவியிடம் பாதி விலைதான் சொன்னேன்.

தாளின் முகத்தில் ஒரு படம். கழுகு ஒன்று கொக்கைக் கால் நகத்தில் அமுக்கிப் பிடித்திருக்கிறது. கொக்கோ மல்லாந்த நிலையிலும் அலகைக் கழுகின் கழுத்துக்கு நேராக நீட்டுகிறது. அதைச் சுற்றி லத்தீனில் ஒரு வாசகம்: ‘முடிவு என்னவாகும் என்பது சந்தேகமே.’ பணத்தில்! நம் ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் ‘தருவதாக உறுதியளிக்கிறேன்’ என்று கையெழுத்துப் போடுகிறார். அதற்குப் பக்கத்திலேயே ‘தருவேனா என்பது சந்தேகம்’ என்றும் அச்சடித்திருந்தால் எப்படி இருக்கும்? போரைப் பற்றித்தான் அப்படி எழுதினார்கள். ஆனால் அந்தத் தாளைப் பற்றிச் சொல்வதற்கும் அதைவிடப் பொருத்தமான வாசகம் கிடையாது.

ஆனால் என்னை அன்று அந்த மேஜையை விட்டு நகர விடாமல் செய்தது கழுகும் இல்லை, கொக்கும் இல்லை. ஒரே ஒரு சொல். இந்தத் தாளைக் ‘கொண்டுவருபவருக்கு’ மூன்று ஸ்பானிய வெள்ளி டாலரோ, அதற்கு ஈடான தங்கமோ வெள்ளியோ உரியது என்று அதில் அச்சிட்டிருக்கிறது. கொண்டுவருபவர். உழைத்தவர் இல்லை, முதலில் வாங்கியவர் இல்லை, கடைசியில் கையில் வைத்திருப்பவர். அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், ஆலையை மூடிவிட்டார்கள். சம்பள பாக்கி, போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து அவருக்கு வரவேண்டியது 92,000 ரூபாய் என்று சங்கத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கு நடந்தது. எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஃபீஸ் கட்டும் கெடு நெருங்கியபோது எங்கள் தெருவில் வட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். 22,000 ரூபாய் கொடுத்தார். பணம் எப்போது வந்தாலும் முழுவதும் அவருக்கு, வராமலே போனால் அப்பா எதுவும் தரவேண்டியதில்லை என்று ஒரு பத்திரம். அப்பா கையெழுத்துப் போட்டார். இப்படித் தெருவில் பதினைந்து இருபது பேர். பதினோரு வருஷம் கழித்து செட்டில்மென்ட் வந்தது. அப்பா வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்து, ஒரு மஞ்சள் பையில் போட்டு, நேராக அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா மூன்று நாள் பேசவில்லை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்தத் தாளை வாங்கிய பிறகு, இந்தக் கான்டினென்டல் கதையைப் படிக்க ஆரம்பித்தேன். எல்லோரும் சொல்லும் கதை எனக்கும் தெரியும்: கண்டபடி அச்சடித்தார்கள், பணம் நாசமாய்ப் போனது, அவ்வளவுதான். நானும் பல வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க அது பாதிக் கதைதான் என்று தோன்றியது.

வரி போட அதிகாரம் இல்லாத அரசு

1775 ஜூனில் காங்கிரஸ் ஒரு படையைத் திரட்டி, ஜார்ஜ் வாஷிங்டனைத் தளபதியாக்கி, அதே மாதம் 22ஆம் தேதி 20 லட்சம் டாலருக்குக் காகிதப் பணம் அச்சடிக்க முடிவு செய்தது. வேறு என்ன செய்திருக்க முடியும்? அந்தக் காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. பதின்மூன்று காலனிகளிடமும் ‘உங்கள் பங்கைக் கொடுங்கள்’ என்று கேட்கலாம். கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. சண்டையே வரியை எதிர்த்துத்தான். தேநீருக்குப் போட்ட வரிக்காகக் கப்பல் சரக்கைக் கடலில் கொட்டிய ஊரில் போய், இனி நாங்கள் வரி போடுகிறோம் என்று எவன் சொல்வான்? வெளிநாட்டுக் கடன் பிற்பாடு பிரான்சிலிருந்து வந்தது, ஆனால் தொடக்கத்தில் இந்தக் கும்பலை நம்பிக் கடன் கொடுக்க யாரும் இல்லை. மிச்சம் இருந்தது அச்சு இயந்திரம்.

முதல் இரண்டு வருஷம் அந்தத் தாள் நன்றாகவே ஓடியது. தமிழில் பணம் ‘செல்லும்’, ‘செல்லாது’ என்கிறோம் அல்லவா, அது எவ்வளவு சரியான வினைச்சொல் என்று அப்போதுதான் உறைத்தது. பணம் என்றால் கைமாறிச் செல்வது. நின்றால் அது காகிதம். வாங்க மறுப்பவர்களை நாட்டின் பகைவர்களாகக் கருதலாம் என்று 1776 ஜனவரியில் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. அந்த மிரட்டல் கொஞ்ச நாள் வேலை செய்தது.

எதிரியும் சும்மா இல்லை. பிரிட்டிஷார் வசம் இருந்த நியூயார்க்கில் 1777 ஏப்ரலில் ஒரு பத்திரிகையில் விளம்பரமே வந்தது: மற்ற காலனிகளுக்குப் போகிறவர்கள் கள்ளக் காங்கிரஸ் நோட்டுகளை, வெறும் காகிதத்தின் விலைக்கே, எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்! மளிகைக் கடைத் தள்ளுபடி அறிவிப்பு மாதிரி. அச்சுத் தொழிலில் பழகிய அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் உண்மையான இலையின் நரம்புகளை அச்சில் பதிக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரே மாதிரி இரண்டு இலை கிடையாது, அதனால் போலி செய்வது கஷ்டம் என்பது கணக்கு. என் தாளின் பின்பக்கத்திலும் இலைத் தடம் இருக்கிறது. அப்படியும் கள்ள நோட்டு பெருகி, 1779 ஜனவரியில் இரண்டு வெளியீடுகளை முழுவதுமாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நல்ல நோட்டு வைத்திருந்தவனுக்கும் அன்று இரவு தூக்கம் போயிருக்கும். நமக்கு அதை விளக்கவே வேண்டாம், 2016 நவம்பரில் வங்கி வாசலில் நின்றவர்கள் நாம்.

1775இல் 60 லட்சம் டாலர், 1776இல் 1 கோடியே 90 லட்சம். 1778இல் 6 கோடியைத் தாண்டியது. அதற்கடுத்த வருஷம் அதிலும் இரண்டு மடங்கு. 1779 தொடக்கத்தில் ஒரு வெள்ளி டாலருக்கு எட்டுத் தாள் டாலர் கேட்டார்கள்; அடுத்த வருஷத் தொடக்கத்தில் நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரு வண்டி நிறையப் பணம் கொண்டுபோனாலும் ஒரு வண்டி நிறைய உணவுப்பொருள் வாங்க முடியாது போலிருக்கிறது என்று 1779 ஏப்ரலில் வாஷிங்டன் எழுதினார். அவருக்கே சொந்த அனுபவம் உண்டு. அவரிடம் பழைய கடன் வாங்கியிருந்தவர்கள் இந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டிக் கணக்குத் தீர்த்தார்கள். சட்டப்படி வாங்கித்தான் ஆகவேண்டும். கடன்காரனைக் கண்டு கடன் கொடுத்தவன் ஓடி ஒளிந்த காலம் அது.

தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும் கடன்

இந்த இடத்தில் பிராங்க்ளின் சொன்ன ஒன்று என்னைப் பல நாள் குடைந்தது. அப்போது அவர் பாரிஸ் அருகே தூதராக இருந்தார். 1779 ஏப்ரலில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நம்முடைய இந்தப் பணம் ஓர் அற்புத இயந்திரம் என்கிறார். வெளியிடும்போதே வேலையைச் செய்துவிடுகிறது: படைக்குச் சம்பளம், துணி, சாப்பாடு, வெடிமருந்து எல்லாம் தருகிறது. அளவுக்கு மீறி வெளியிட வேண்டி வந்தால், மதிப்பு இறங்கித் தன் கடனைத் தானே அடைத்துக்கொள்கிறது!

கிழவர் கெட்டிக்காரர். சொன்னது உண்மையும்கூட. வரி போட முடியாத அரசு, வரி என்று பெயர் வைக்காமலே வரி வாங்கிவிட்டது. காலையில் கையில் இருந்த தாள் சாயங்காலம் கொஞ்சம் இளைத்திருந்தால், அந்த இளைப்புதான் வரி. போரின் முதல் ஐந்து வருஷம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடியது. ஆகவே கான்டினென்டல் தோற்றது என்று சொல்வது தப்பு. அது கேட்ட வேலையைச் செய்துவிட்டுச் செத்தது. ஆனால் பிராங்க்ளின் அந்தக் கடிதத்தில் தொடாத ஒன்று இருக்கிறது: யார் கையில் இருக்கும்போது இளைத்தது? வியாபாரி வாங்கிய மறுநிமிஷம் சரக்காக மாற்றிவிடுவான். விவசாயி விலையை ஏற்றிச் சொல்வான், இல்லை தானியத்தை ஒளித்து வைப்பான். முகாமில் இருக்கும் சிப்பாய் என்ன செய்வான்? அவனுக்குச் சம்பளம் பல மாதம் தாமதமாக, பழைய கணக்கில், இளைத்த தாளில் வருகிறது.

1780இல் பிலடெல்பியாவில் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் படைக்காக நிதி திரட்டினார்கள். தாளில் 3 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. வெள்ளியாக மாற்றினால் வெறும் 7,500. அதைச் சிப்பாய்க்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி டாலராகக் கொடுக்கலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். வாஷிங்டன் வேண்டாம் என்றார். கெட்டிக் காசின் ருசி தெரிந்துவிட்டால், சம்பளமாகத் தரும் இளைத்த தாள்மேல் அதிருப்தி வரும் என்று பயம். சட்டை தைத்துக் கொடுங்கள் என்றார். 2,200 சட்டைகள் தைத்தார்கள், ஒவ்வொன்றிலும் தைத்த பெண்ணின் பெயரோடு. நல்ல காசைக் கண்ணில் காட்டாமல் இருந்தால்தான் கெட்ட காசு செல்லும் என்று ஒரு தளபதிக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெயர் தைத்த சட்டைகளை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. அந்தப் போரில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு, போட்டபடியே பொருளாகக் கொடுத்தது அது ஒன்றுதான் போல.

ஆறு மாதச் சத்தியம்

1779 செப்டம்பர் தொடக்கத்தில் காங்கிரஸ், 20 கோடி டாலருக்கு மேல் ஒரு தாள்கூட அச்சடிக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தது. அதே மாதம் 13ஆம் தேதி, தலைவர் ஜான் ஜே பெயரில் மக்களுக்கு ஒரு நீண்ட கடிதம் போனது. இந்தக் கடனைக் காங்கிரஸ் அடைக்காமல் விட்டுவிடுமோ என்று சந்தேகப்படுவதே அவமானம் என்கிற தொனி. திவாலாகி நம்பிக்கை துரோகமும் செய்த குடியரசு என்பது உலக அரசியலில் ஒரு புதுமையாக இருக்கும் என்று ஒரு வரி.

ஆறு மாதம். 1780 மார்ச் 18ஆம் தேதி அந்தப் புதுமை நடந்தேவிட்டது. நாற்பது தாள் டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே கணக்குப் போட்டு அறிவித்தது. ஒரு டாலர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் இனி இரண்டரை சதம். இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியும். சந்தை ஏற்கெனவே அந்த விலைக்கு வந்துவிட்டது. ஆனால் செப்டம்பர் கடிதத்தை நம்பி, தாளைச் செலவழிக்காமல் பெட்டியில் வைத்திருந்த யாரோ ஒரு விதவையை, ஒரு பள்ளி வாத்தியாரை நான் கற்பனை செய்துகொள்கிறேன். சந்தேகப்பட்டவன் தப்பித்தான், நம்பியவன் மாட்டினான். 1781 மே மாதம் பிலடெல்பியாவில் ஓர் ஊர்வலம் போனது: ஆட்கள் தொப்பியில் இந்தத் தாள்களைப் பூ மாதிரி செருகிக்கொண்டார்கள், ஒரு நாயின் உடம்பில் தார் பூசித் தாளாக ஒட்டி நடத்திக்கொண்டு போனார்கள். நம் ஊரில் செல்லாக்காசு என்று ஆளைத்தான் திட்டுவோம். அங்கே நாய்க்குச் சட்டையே தைத்துவிட்டார்கள். ‘ஒரு கான்டினென்டல்கூடப் பெறாது’ என்ற வசவு அமெரிக்க ஆங்கிலத்தில் தங்கிவிட்டது.

இதே சமயத்தில் மாசசூசெட்ஸ் மாநிலம் செய்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும். தன் சிப்பாய்களின் சம்பளம் கரைந்துபோனதற்கு ஈடாக 1780 ஜனவரி 1 தேதியிட்டு அது கடன் பத்திரம் கொடுத்தது. அதில் எழுதியிருந்த தொகையை அப்படியே திருப்பித் தருவதாகச் சொல்லவில்லை. ஐந்து புஷல் மக்காச்சோளம், அறுபத்தெட்டும் ஏழில் நாலு பங்கும் பவுண்டு எடை மாட்டிறைச்சி, பத்து பவுண்டு ஆட்டுக் கம்பளி, பதினாறு பவுண்டு செருப்படித் தோல் – இவ்வளவையும் வாங்க அன்றைக்கு 130 பவுண்டு பணம் ஆனது. 1777இல் சட்டம் வைத்த விலையைப் போல முப்பத்திரண்டரை மடங்கு. இவற்றின் விலை ஏறினாலும் இறங்கினாலும், தரும் தொகையும் கூடவே ஏறும், இறங்கும். இன்று அரசுகள் பணவீக்கத்தோடு இணைத்த பத்திரம் என்று பெருமையாக விற்பதை, சோளமும் தோலும் வைத்து அன்றைக்கே எழுதிவிட்டார்கள். காசு பொய் சொல்லும், செருப்படித் தோல் பொய் சொல்லாது. இந்தப் பத்திரத்தைப் பற்றிப் படித்த அன்று அப்பாவின் 92,000 பற்றித்தான் நினைத்தேன். பதினோரு வருஷத்தில் அரிசி என்ன விலை ஏறியிருக்கும்?

கொண்டுவருபவர்

போரின் கடைசி அத்தியாயம் தெரிந்ததுதான். ராபர்ட் மாரிஸ் என்ற பெரிய வியாபாரி 1781இல் நிதிப் பொறுப்புக்கு வந்து, தன் சொந்தப் பெயரில் சீட்டு எழுதிக் கொடுத்துக் காரியம் நடத்தினார். காங்கிரஸ் பெயருக்குச் செல்லாதது அவர் பெயருக்குச் சென்றது. (அதே மனிதர் பிற்பாடு நில வியாபாரத்தில் மாட்டி, மூன்று வருஷத்துக்கு மேல் கடன்காரச் சிறையில் இருந்தார். அது தனிக் கதை.) போரின் கடைசிப் பெரிய சண்டை நடந்த யார்க்டவுனுக்குப் படை தெற்கே நடந்தபோது சிப்பாய்கள் சம்பளம் கேட்டு முரண்டு பிடித்தார்கள். மாரிஸ் பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போவின் பெட்டியிலிருந்து 20,000 டாலர் வெள்ளி கடன் வாங்கி ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார். 1776க்குப் பிறகு பணம் என்று சொல்லக்கூடியதைக் கையில் வாங்கியது அன்றுதான், போர் முடியும்வரை அப்புறம் வாங்கவே இல்லை என்று ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற சிப்பாய் வயதான காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1783இல் படையைக் கலைத்தபோது, பாக்கிச் சம்பளத்துக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வட்டி உண்டு, ஆனால் எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு நடந்துபோகக் கிழியாத துணி வேண்டும், வழியில் சாப்பிட வேண்டும். விற்றார்கள். பத்தில் ஒரு பங்குக்குக்கூட விற்றார்கள். வாங்கிச் சேர்த்தவர்களில் பிற்பாடு ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேலும் உண்டு.

1790 ஜனவரியில் புதிய அரசின் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன், இந்தச் சான்றிதழ்களுக்கு முழு மதிப்பையும் அங்கீகரிக்கவேண்டும் என்றார். யாருக்கு? கையில் வைத்திருப்பவருக்கு. செய்தி உள்நாட்டுக்குப் போய்ச் சேருமுன் மிச்சத்தையும் வாரிவிட, இரண்டே வாரத்தில் மூன்று கப்பல் நியூயார்க்கிலிருந்து கிளம்பியிருக்கிறது என்று ஜார்ஜியா உறுப்பினர் ஜாக்சன் சபையில் கத்தினார். வர்ஜீனியா உறுப்பினர் ஜேம்ஸ் மாடிசன் எழுந்து ஒரு மாற்று யோசனை சொன்னார்: இப்போது வைத்திருப்பவருக்குச் சந்தையில் கிடைத்த உச்ச விலை, மீதி முதலில் வாங்கிய சிப்பாய்க்கு. ஹாமில்டனின் பதில்: விற்றவன் தெரிந்து விற்றான், வாங்கியவன் துணிந்து வாங்கினான், நடுவில் அரசு புகுந்து பிரித்தால் இனி எந்தத் தாளும் செல்லாது. பிப்ரவரி 22ஆம் தேதி மாடிசன் யோசனைக்கு 13 வாக்கு, எதிர்த்து 36.

இதைப் படித்த இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூரில் காலை. விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மாடிசன் பக்கம்தானே நியாயம் என்றேன். அப்பா யோசிக்கவே இல்லை.

“அதெப்படிடா? அன்னிக்கு அவன் குடுத்தானல்ல. வேற எவன் வந்தான்? சங்கம் வந்துச்சா, மொதலாளி வந்தானா? அந்த இருபத்திரெண்டு இல்லீன்னா நீ காலேஜ் போயிருக்க மாட்டே கண்ணு.”

“நாலு மடங்குக்கு மேல எடுத்துக்கிட்டாருப்பா.”

“வராமப் போயிருந்தா? அவனுக்குப் போயிருக்குமல்ல. நம்ம தெருவுலயே ரெண்டு பேருது வரவே இல்ல, தெரியுமா ஒனக்கு?”

தெரியாது. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. என் கோபத்தை ஹாமில்டன்மீது திருப்ப நினைத்தேன், அப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனாலும் எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கணக்கில் ஆலைக்காரர் எங்கே? கொடுக்கவேண்டியவர் கொடுக்காமல் இருந்ததால்தானே கால் பங்கு விலைக்கு ஒரு சந்தையே உண்டானது? ஹாமில்டனும் மாடிசனும் வாங்கியவனா விற்றவனா என்று வாதாடினார்கள். ஏழு வருஷம் கொடுக்காமல் இருந்தவன் அந்த வாதத்தில் பிரதிவாதியே இல்லை. இன்னொரு வேடிக்கை, முழு மதிப்பும் சான்றிதழுக்குத்தான். என்னிடம் இருக்கும் தாள் போன்ற வெறும் கான்டினென்டலுக்கு நூற்றுக்கு ஒன்று என்று 1790 ஆகஸ்ட் சட்டம் தீர்த்துவிட்டது. கொண்டுவருபவருக்கு மூன்று டாலருக்கு மூன்று சதம்.

போன மாதம் வீடியோவில் அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை மூக்கருகே வைத்துப் பார்த்தார். கழுகைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். இந்தக் கையெழுத்து யாருது என்று கேட்டார். படிக்க முடியவில்லை, காங்கிரஸ் இதற்கென்றே ஆட்களை நியமித்திருந்தது, ஒவ்வொரு தாளிலும் கையால் போடவேண்டும், ஆயிரம் தாளுக்கு ஒரு டாலரும் மூன்றில் ஒரு பங்கும் கூலி என்றேன்.

“பரவால்லியே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் கூலிய எதுல குடுத்தாங்க, இதே தாள்லயா?”